எபிதீலியச் செல் உள்ளே இழுத்த புரதம் எங்கே போகிறது? பின்தொடர ஒரு வழிகாட்டி

எபிதீலியச் செல்லின் அடிப்பக்கத்தில் இரண்டு புரதங்களை ஒரே நேரத்தில் விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, இரும்பைச் சுமந்து வரும் டிரான்ஸ்ஃபெரின். இன்னொன்று, இரட்டையாகப் பிணைந்த ஐஜிஏ எதிர்ப்பொருள். இரண்டும் தத்தம் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, சவ்வு உட்குழிந்து உருவாகும் ஒரே வகைக் கிளாத்ரின் குழிகள் வழியாக உள்ளே இறங்கி, ஒரே எண்டோசோமில், அதாவது உள்ளே வந்த சரக்கைப் பிரிக்கும் சவ்வுப் பையில், போய்ச் சேரும். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபெரினில் பெரும்பகுதி வந்த பக்கத்துக்கே திரும்பியிருக்கும். ஐஜிஏவோ செல்லின் குறுக்கே ஏறி மேல்பக்கம் வெளியே வரத் தொடங்கியிருக்கும்.

இந்த இரண்டும் எந்த இடத்தில், எதனால் பிரிகின்றன என்பது புரிந்துவிட்டால் செல்லுக்குள் நடக்கும் இந்தப் போக்குவரத்தை ஆராயும் துறையின் பாதி கைக்கு வந்துவிட்டது. புதிதாக வருபவர்கள் பலரும், செல்லுக்குள் எந்தப் பை எங்கே போக வேண்டும் என்று நெறிப்படுத்தும் ராப் புரதங்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். ராப்4, ராப்5, ராப்7, ராப்11 என்று வரிசையாகச் சொல்ல வந்துவிடும், ஆனால் ஒரு படத்தைக் காட்டி இது எங்கே போகிறது என்று கேட்டால் தடுமாறுவார்கள். பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒரு சரக்கைப் பிடித்து அதன் பின்னாலேயே போவோம். அப்புறம் உங்கள் சொந்தப் புரதத்தை எப்படிப் பின்தொடர்வது என்று பார்க்கலாம்.

படி 1: இரண்டு முகங்களையும் வேலியையும் தெரிந்துகொள்ளுங்கள்

குடல், சிறுநீரகக் குழல், சுரப்பிகள் என எங்கெல்லாம் உள்வெளி பிரிக்க வேண்டுமோ அங்கெல்லாம் எபிதீலியச் செல்கள் பக்கத்துக்குப் பக்கம் நெருங்கி நிற்கின்றன. குழலின் உட்புற வெளியைப் பார்த்த முகம் ஏபிக்கல் முகம். இதை மேல் முகம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அண்டைச் செல்லையும் அடியில் உள்ள திசுவையும் பார்த்த முகம் பேசோலேட்டரல் முகம். இது அடி முகம் என்று இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே செல்லைச் சுற்றி ஒரு வளையமாக டைட் ஜங்ஷன் நிற்கிறது. அது செல்களுக்கு இடையே திரவம் கசிவதைக் கட்டுப்படுத்துகிறது, மேல் சவ்வின் புரதங்களும் அடி சவ்வின் புரதங்களும் கலப்பதையும் தடுக்கிறது.

வேலி இருப்பதால் மட்டும் புரதங்கள் சரியான பக்கத்தில் இருந்துவிடாது. வேலி கலப்பதைத்தான் தடுக்கும். யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை செல்லின் உள்ளே நடக்கிறது. 1978-இல் என்ரிக்கே ரோட்ரிகெஸ்-பூலானும் டேவிட் சபாட்டினியும் இதை வைரஸ்களை வைத்துக் காட்டினார்கள். எம்டிசிகே என்பது நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் செல் ரகம். ஒரே எம்டிசிகே செல் படலத்தில் இன்ஃப்ளுயன்சா வைரஸ் மேல் முகத்தில் மட்டும் மொட்டு விட்டது, அதாவது சவ்வில் புடைத்து வெளியே வந்தது. வெசிகுலர் ஸ்டொமடைடிஸ் வைரஸ் அடி முகத்தில் மட்டும் மொட்டு விட்டது. இந்தத் துறை வேகமெடுத்தது அந்த ஆய்வுக்கு அப்புறம்தான்.

புதிதாகச் செய்யப்பட்ட புரதம் சரியான பக்கம் போய்ச் சேர்வது கதையின் முதல் பாகம்தான். சவ்வு சும்மா கிடப்பதில்லை. அது தொடர்ந்து உள்ளே இழுக்கப்படுகிறது, தொடர்ந்து திரும்பி வருகிறது. ஒரு ஏற்பி தன் வாழ்நாளில் பலமுறை உள்ளே போய் வரும். ஒவ்வொரு முறையும் சிறு தவறு நடந்தால்கூட, சில சுற்றுகளில் இரண்டு முகங்களும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஆகவே செல்லின் இருமுகத் தன்மையைக் காப்பாற்றுவதில் மறுசுழற்சிப் பாதைக்கு, புதுப் புரதங்களை அனுப்பும் பாதைக்கு இருக்கும் அளவு பங்கு இருக்கிறது. என் பார்வையில் அதைவிடக் கூடுதல்.

படி 2: அறைகளை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் செங்குத்தாக ஒரு செல்லை வரையுங்கள். மேல் சவ்வுக்குக் கீழே ஒரு வட்டம்: மேல்பக்க ஆரம்ப எண்டோசோம். அடி சவ்வுக்கும் பக்கச் சவ்வுக்கும் அருகே இன்னொரு வட்டம்: அடிப்பக்க ஆரம்ப எண்டோசோம். இந்த இரண்டும் தனித்தனி. ஒரே பக்கத்து ஆரம்ப எண்டோசோம்கள் தங்களுக்குள் இணையும், எதிர்ப்பக்கத்தோடு இணைவதில்லை. அதனால் மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும் ஆரம்பத்திலேயே கலந்துவிடுவதில்லை.

நடுவில், கருவுக்கு மேலாக, குழாய் குழாயாக ஒரு தொகுப்பை வரையுங்கள். இது பொது மறுசுழற்சி எண்டோசோம். இரு பக்கத்துச் சரக்கும் சந்திக்கும் இடம் இது. கடைசியாக, மேல் சவ்வுக்குச் சற்றுக் கீழே, சென்ட்ரோசோமைச் சுற்றி ஒரு கூட்டம்: மேல்பக்க மறுசுழற்சி எண்டோசோம். இவற்றுக்கு வெளியே ஒரு ஓரத்தில் பின்நிலை எண்டோசோமும் லைசோசோமும் இருக்கட்டும், அங்கே போனது சிதையும்.

இதில் நடக்கும் முதல் பிரிப்பு வெறும் வடிவக் கணக்கு. ஆரம்ப எண்டோசோமின் நடுப்பகுதி உருண்டை, அதிலிருந்து மெல்லிய குழாய்கள் நீளும். உருண்டையில் கொள்ளளவு அதிகம், குழாயில் சவ்வுப் பரப்பு அதிகம். ஆக, சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகள் பெரும்பாலும் குழாய்கள் வழியாகக் கழன்று மறுசுழற்சிக்குப் போகும். திரவத்தில் கரைந்து கிடப்பவை உருண்டையிலேயே தங்கி லைசோசோம் பக்கம் நகரும். தனிச் சமிக்ஞை எதுவும் இல்லாத ஒரு சவ்வுப் புரதம்கூட இந்த வழியில் வெளியே வந்துவிடும். சிதைவுக்கு அனுப்பத்தான் தனி ஏற்பாடு வேண்டும். யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டிய ஏற்பிகளை எஸ்கார்ட் என்ற புரதத் தொகுதி பிடித்து எண்டோசோமின் உள்நுண்பைகளுக்குள் தள்ளுகிறது. வளர்ச்சிக் காரணி ஒன்றைப் பிடிக்கும் இஜிஎஃப் ஏற்பி இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம்.

அமிலத்தன்மையையும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப எண்டோசோமில் பிஎச் 6-ஐ ஒட்டி இருக்கும், பின்நிலையில் 5.5-ஐ ஒட்டி, லைசோசோமில் 5-க்கும் கீழே. வெளியே 7.4. எந்தச் சரக்கு எங்கே ஏற்பியை விடுகிறது என்பதை இந்த எண்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

படி 3: டிரான்ஸ்ஃபெரினோடு போங்கள்

டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி பெரும்பாலான எபிதீலியச் செல்களில் அடி முகத்தில் இருக்கிறது. அதன் வால் செல்லின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் டைரோசின், திரியோனின், ஆர்ஜினின், ஃபினைல்அலனின் என நான்கு அமினோ அமிலங்கள் வரிசையாக வருகின்றன. ஏபி-2 என்ற தகவி (சரக்கையும் கிளாத்ரினையும் இணைக்கும் புரதம்) இந்த வரிசையை அடையாளம் கண்டு கிளாத்ரின் குழிக்குள் இழுக்கிறது. எண்டோசோமின் அமிலத்தில் இரும்பு கழன்றுவிடும். ஆனால் இரும்பை இழந்த வெற்று டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை விடாது. அமிலச் சூழலில் அது ஏற்பியை இறுக்கமாகவே பிடித்துக்கொள்ளும். ஏற்பியோடு வெளியே வந்து பிஎச் 7.4-ஐத் தொட்டதும்தான் உதிரும். ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய வசதி. டிரான்ஸ்ஃபெரினுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிவிட்டால் ஏற்பியின் முழுச் சுற்றையும் அதைக் கொண்டே பார்த்துவிடலாம்.

ஒரு பகுதி ஆரம்ப எண்டோசோமிலிருந்தே சட்டென்று அடி முகத்துக்குத் திரும்பிவிடும். மீதி பொது மறுசுழற்சி எண்டோசோம் வரை போய், அங்கிருந்து அடி முகத்துக்கு வரும். இரண்டாவது பாதையில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கிருந்து மேலேயும் வழி திறந்திருக்கிறது.

அங்கே காவலுக்கு நிற்பது ஏபி-1பி. இது எபிதீலியச் செல்களில் மட்டும் காணப்படும் ஒரு தகவி. எல்லாச் செல்களிலும் உள்ள ஏபி-1ஏவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு துணை அலகில்தான், அதாவது மியூ1பி. 1999-இல் வந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுத்த எல்எல்சி-பிகே1 செல்களில் மியூ1பி இல்லை. அவற்றில், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகளைப் பிடிக்கும் எல்டிஎல் ஏற்பி அடி முகத்துக்குப் போகாமல் மேல் முகத்தில் போய் நின்றது. மியூ1பி மரபணுவை உள்ளே செலுத்தியதும் ஏற்பி அடி முகத்துக்கு இறங்கியது. ஒரு துணை அலகு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஏற்பியின் விலாசமே மாறிவிடுகிறது. இந்த எல்எல்சி-பிகே1 செல்களை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 4: ஐஜிஏவோடு போங்கள்

ஐஜிஏவைச் சுமக்கும் ஏற்பிக்குப் பாலிமெரிக் இம்யூனோகுளோபுலின் ஏற்பி என்று பெயர், சுருக்கமாக பிஐஜிஆர். இது கோல்கியிலிருந்து முதலில் அடி முகத்துக்குத்தான் வருகிறது. உள்ளே இழுக்கப்பட்டு, பொது மறுசுழற்சி எண்டோசோம் வழியாக மேல்பக்க மறுசுழற்சி எண்டோசோமுக்கு ஏறி, மேல் முகத்தில் வெளிப்படுகிறது. அங்கே ஒரு புரோட்டியேஸ் அதன் வெளிப்பகுதியை வெட்டிவிடும். வெட்டப்பட்ட துண்டு ஐஜிஏவோடு ஒட்டியபடியே குழலுக்குள் போய்விடும். கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் குடல் சளியிலும் இருக்கும் ஐஜிஏ இப்படிக் கடந்து வந்ததுதான். டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி போல இதற்குத் திரும்பும் பயணம் இல்லை. ஒவ்வொரு முறை கடத்தும்போதும் ஒரு ஏற்பி செலவாகிறது.

கீத் மோஸ்டோவ் 1986-இல் இந்த ஏற்பியை எம்டிசிகே செல்களில் வெளிப்படுத்திய பிறகு அதன் வாலைத் துண்டு துண்டாக ஆராய முடிந்தது. சவ்வை ஒட்டி 17 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி, ஏற்பியை அடி முகத்துக்கு அனுப்பும் சமிக்ஞை என்று தெரிந்தது. அந்தப் பகுதிக்குள் 664-ஆம் இடத்தில் ஒரு செரீன் இருக்கிறது. அதில் பாஸ்பேட் ஏறினால் அடி முகத்துக்கான ஈர்ப்பு குறைந்து ஏற்பி மேலே போக முனைகிறது. அந்தச் செரீனை அலனினாக மாற்றினால் மேலே கடப்பது குறைந்து அடி முகத்துக்குத் திரும்புவது கூடுகிறது. பாஸ்பேட்டின் மின்னூட்டத்தைப் போலிசெய்யும் அஸ்பார்ட்டிக் அமிலத்தை வைத்தால் நிலைமை தலைகீழ். ஒரே புரதம், ஒரே ஓர் அமினோ அமிலம், இரண்டு போக்கு. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே பாதிப் பதில் கிடைக்கிறது: பிரிவது பொது மறுசுழற்சி எண்டோசோமில், பிரிப்பது வாலில் உள்ள அடிப்பக்கச் சமிக்ஞையின் வலு.

மீதிப் பதில் போக்குவரத்து இயந்திரத்தில் இருக்கிறது. எபிதீலியச் செல்லில் மைக்ரோடியூபுல்கள் என்ற புரதக் குழல்கள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் மைனஸ் முனை மேலே, பிளஸ் முனை கீழே. மேலே ஏறும் சரக்குக்கு இது பாதை. அதனால்தான் நோகோடசோல் கொடுத்து மைக்ரோடியூபுல்களைக் கலைத்தால் ஐஜிஏ கடப்பது நன்றாகக் குறைகிறது, அடி முகத்துக்குத் திரும்புவது அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. மேல்பக்க மறுசுழற்சி எண்டோசோமிலிருந்து சவ்வு வரையிலான கடைசிக் கட்டத்துக்கு ராப்11, ராப்25, மயோசின் 5பி என்ற இயக்கப் புரதம் ஆகியவை வேண்டும். மயோசின் 5பியின் மரபணுவில் ஏற்படும் பிறழ்வுகள் மைக்ரோவில்லஸ் இன்க்ளூஷன் நோய்க்குக் காரணமாகின்றன என்று 2008-இல் தெரியவந்தது. பிறந்த சில நாள்களிலேயே நிற்காத வயிற்றுப்போக்கோடு வரும் அரிய நோய் அது. குடல் செல்லின் மேல் முகத்தில் இருக்க வேண்டிய தூரிகை விளிம்பு, செல்லின் உள்ளே பைகளாக மாட்டிக்கொண்டு கிடப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலரும் விழுவது. ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற இருமுகம் இல்லாத செல்களில் டிரான்ஸ்ஃபெரின் நிறைந்த மறுசுழற்சி எண்டோசோமுக்கு ராப்11 அடையாளம். நன்றாக முகம் பிரிந்த எம்டிசிகே செல்லில் அப்படி இல்லை. ராப்11 இருக்கும் மேல்பக்க அறையில் டிரான்ஸ்ஃபெரின் மிகக் குறைவு. இருமுகம் இல்லாத ஹீலா செல்லில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் படம் முழுவதும் தப்பாகிவிடும்.

படி 5: மேலிருந்து நுழைபவற்றை ஒரு பார்வை

மேல் முகத்திலிருந்து உள்ளே போவதும் உண்டு, ஆனால் புதியவர்கள் இதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. சிறுநீரக அண்மைக் குழலில் மெகாலின் என்ற பெரிய ஏற்பி வடிகட்டப்பட்ட புரதங்களைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு மேல் முகத்துக்கே திரும்பும். சேகரிப்புக் குழலில் அக்குவாபோரின்-2 இன்னும் சுவாரஸ்யம். வாசோபிரஸின் வந்ததும் 256-ஆம் செரீனில் பாஸ்பேட் ஏறி, நுண்பைகளில் காத்திருக்கும் நீர்க்கால்வாய்கள் மேல் சவ்வில் குவிகின்றன. ஹார்மோன் போனதும் மறுபடி உள்ளே இழுக்கப்படுகின்றன. இங்கே மறுசுழற்சி ஒரு ஹார்மோன் சொற்படி நடக்கிறது. ஐஜிஜி எதிர்ப்பொருளைச் சுமக்கும் எஃப்சிஆர்என் ஏற்பி இரு திசையிலும் கடத்தும். அமிலத்தில் பிடித்து நடுநிலையில் விடும் குணம் அதற்கு உண்டு. இவை போதும். இனி ஆய்வு மேசைக்குப் போவோம்.

படி 6: செல் படலத்தைச் சரியாக வளர்த்துவிட்டுத்தான் மற்றது

எம்டிசிகே செல்களோடு தொடங்குங்கள். 1958-இல் மேடினும் டார்பியும் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை, இந்தத் துறையின் பெரும்பகுதி அவற்றின்மேல்தான் நிற்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் அடி முகம் தட்டோடு ஒட்டிவிடும், அங்கே எந்தப் பொருளையும் சேர்க்க முடியாது. எனவே 0.4 மைக்ரான் துளை கொண்ட வடிப்பான் கிண்ணத்தில் வளர்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் ஊற்றுவது மேல் முகத்துக்கு, வெளியே உள்ள குழியில் ஊற்றுவது அடி முகத்துக்கு. நெருக்கமாக விதைத்தால் எம்டிசிகே 3 முதல் 4 நாளில் தயாராகும். மனிதக் குடல் செல் ரகமான கேக்கோ-2 என்றால் மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

படலம் கசிகிறதா என்று மின்தடையை அளந்து பாருங்கள். 12 மில்லிமீட்டர் வடிப்பானின் பரப்பு 1.12 சதுர சென்டிமீட்டர். செல் இல்லாத வடிப்பான் 110 ஓம் காட்டுகிறது, செல்லோடு 230 காட்டுகிறது என்றால், வித்தியாசம் 120. அதைப் பரப்பால் பெருக்கினால் 134 ஓம் சதுர சென்டிமீட்டர். வகுத்துவிடாதீர்கள், பெருக்க வேண்டும். எம்டிசிகே-2 ரகத்துக்கு இது சரியான அளவு. அதே எண் எம்டிசிகே-1 ரகத்தில் வந்தால் படலம் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு 1000-ஐத் தாண்ட வேண்டும். ஆக, உங்களிடம் எந்த ரகம் இருக்கிறது என்பது தெரியாமல் மின்தடை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை.

மின்தடை நன்றாக இருந்தால் வேலி நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். முகங்கள் பிரிந்துவிட்டன என்று அது சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு வடிப்பானை எடுத்து, மேலே போடோகேலிக்சினும் பக்கங்களில் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பும் நிற்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு சோதனைக்குச் சோம்பல்பட்டு மூன்று மாத வேலையைக் குப்பையில் போடுவது இந்தத் துறையில் புதிதல்ல.

படி 7: பயோட்டின் முறை

நீங்கள் ஆராயும் புரதத்துக்குச் சாயமேற்றிய கூட்டாளி எதுவும் கிடைக்காவிட்டால் கைகொடுப்பது இதுதான். சவ்வைத் தாண்டாத, நடுவில் டைசல்ஃபைடு பிணைப்பு உள்ள பயோட்டின் வினைப்பொருளை ஒரு முகத்தில் மட்டும் கொடுக்கிறோம். அது அந்த முகத்தில் வெளியே தெரியும் புரதங்களின் லைசின்களில் ஒட்டும்.

வேலை முழுவதும் ஐஸ்மேல். 4 டிகிரியில் சவ்வு உள்ளே இழுக்கப்படுவது நின்றுவிடும். கழுவும் உப்புக் கரைசலில் கால்சியமும் மெக்னீசியமும் கட்டாயம் இருக்க வேண்டும். கால்சியம் இல்லாவிட்டால் செல்களுக்கிடையே உள்ள பிணைப்பு அவிழ்ந்து, ஒரு பக்கம் கொடுத்த பயோட்டின் மறுபக்கம் போய்விடும். டிரிஸ், கிளைசின், சீரம் எதுவும் அந்த நேரத்தில் கூடாது. அவற்றில் உள்ள அமீன்கள் வினைப்பொருளைத் தின்றுவிடும். வினைப்பொருளை முன்கூட்டியே நீரில் கரைத்தும் வைக்காதீர்கள், நீரிலேயே அது செயலிழந்துபோகும். பயன்படுத்துவதற்குச் சில நொடிகள் முன்புதான் கரைக்க வேண்டும்.

அரை மணி நேரம் ஒட்டவிட்டு, மிச்சத்தை இப்போது கிளைசினால் முடித்துக் கழுவுங்கள். பிறகு 37 டிகிரி ஊடகத்தை ஊற்றி 5, 10, 20 நிமிடம் என்று விட்டு, திரும்ப ஐஸ்மேல் வையுங்கள். இப்போது குளுட்டாதயோன் கொடுத்தால் வெளியே மிச்சமிருக்கும் பயோட்டின் எல்லாம் அறுந்துவிடும். உள்ளே போனது மட்டும் தப்பிக்கும். அதை ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் இழுத்து வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் முறை) பார்க்கலாம். குளுட்டாதயோன் காரத்தன்மையுள்ள கரைசலில், அன்றே செய்ததாக இருக்க வேண்டும். பழையது அறுக்காது. அறுக்காவிட்டால் எல்லாமே உள்ளே போனது போலக் காட்டும், புதியவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

மறுசுழற்சியைப் பார்க்க இன்னொரு சுற்று வேண்டும். முதல் அறுப்பு முடிந்ததும் மறுபடி 37 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பது வெளியே வரத் தொடங்கும். இரண்டாவது முறை குளுட்டாதயோனைச் சில வடிப்பான்களுக்கு மேல் பக்கம் மட்டும், சிலவற்றுக்கு அடிப்பக்கம் மட்டும் கொடுங்கள். எந்தப் பக்கம் கொடுத்தபோது பட்டை மங்குகிறதோ அந்தப் பக்கம்தான் புரதம் வெளியே வந்திருக்கிறது. அடி முகத்துக்கு வடிப்பானின் துளைகள் வழியாகத்தான் கரைசல் போக வேண்டும் என்பதால் அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள்.

இரண்டு ஒப்பீடுகளை விடவே கூடாது: சூடாக்காமல், அறுக்காமல் எடுத்த வடிப்பான் நூறு சதவீதத்துக்கு. சூடாக்காமல், ஆனால் அறுத்து எடுத்த வடிப்பான் பின்னணிக்கு. இரண்டாவதில் பட்டை தடிமனாக இருந்தால் அந்த நாள் கணக்கில் சேராது.

படி 8: படம் எடுக்கும்போது செங்குத்தாக வெட்டிப் பாருங்கள்

வடிப்பானில் வளர்ந்த எம்டிசிகே செல் 10 மைக்ரான் அளவு உயரம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் மேல் சவ்வும் அதற்குக் கீழே உள்ள மறுசுழற்சி எண்டோசோமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தெரியும். இணைந்திருக்கின்றன என்று எழுதிவிடத் தோன்றும். கான்ஃபோகலில் அடுக்கடுக்காக எடுத்துச் செங்குத்து வெட்டாக மாற்றினால்தான் நடுவில் உள்ள இடைவெளி தெரியும். அப்போதும் செங்குத்துத் திசையில் தெளிவு கிடைத் திசையைவிட மோசம் என்பதை மறக்க வேண்டாம். வடிப்பானை வெட்டி எடுக்கும்போது செல் பக்கம் எது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஈரத் துண்டு புரண்டுவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

சரக்கு எந்த அறையில் இருக்கிறது என்று பிரிக்க வெப்பநிலை ஒரு எளிய கருவி. 16, 17 டிகிரியில் வைத்தால் உள்ளே போன சரக்கு ஆரம்ப எண்டோசோமிலேயே தேங்கும். அங்கிருந்து 37-க்குக் கொண்டுபோனால் ஒரே அலையாக அடுத்த அறைக்கு நகர்வதைப் பார்க்கலாம். நோகோடசோல் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் ஐஸ்மேல் அரை மணி நேரமாவது வையுங்கள். எபிதீலியச் செல்லின் மைக்ரோடியூபுல்கள் உறுதியானவை, குளிர் காட்டாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் பாதி அப்படியே நிற்கும்.

டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு முன் செல்களைச் சீரம் இல்லாத ஊடகத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம். சீரத்தில் ஏற்கெனவே இருக்கும் மாட்டு டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாயமேற்றியதைக் கழுவிவிட்டு, உள்ளே போனது வெளியே வருவதைப் பார்க்கும் துரத்தும் கட்டத்தில் சாயமில்லாத டிரான்ஸ்ஃபெரினை ஏராளமாகச் சேர்க்க மறந்தால், வெளியே வந்தது திரும்ப உள்ளே போய்க் கணக்கைக் குழப்பும்.

படி 9: முடிவை எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியவை

உங்கள் புரதம் மேல் முகத்தில் இல்லை என்று வந்தால், அங்கே போகவில்லை என்று உடனே எழுதாதீர்கள். போய், உடனே உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம். பிஐஜிஆர் போல வெட்டப்பட்டு ஊடகத்தில் மிதக்கலாம். மேல்பக்க ஊடகத்தை வீசுவதற்கு முன் ஒரு சிறு பகுதியையாவது ஜெல்லில் ஏற்றிப் பாருங்கள். லைசோசோமில் சிதைந்தும் போயிருக்கலாம், லைசோசோமின் புரதச் சிதைவைத் தடுக்கும் லியூபெப்டின் சேர்த்தால் பட்டை திரும்ப வருகிறதா என்பது அதைச் சொல்லிவிடும்.

நிலையான நேரத்தில் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்பது வேகங்களின் விளைவு. எந்தப் பாதை அதைப் பிரித்தது என்று அதிலிருந்து மட்டும் தெரியாது. புதிதாகச் செய்யப்பட்டது தவறாகப் போகிறதா, திரும்பி வரும்போது தவறாகப் போகிறதா என்று பிரிக்க, சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புதுப் புரதத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் புரதம் மெல்ல எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்தால் சந்தேகம் மறுசுழற்சியின்மேல்தான்.

அளவுக்கு மீறி வெளிப்படுத்துவதும் அடிக்கடி ஏமாற்றும். பிரிக்கும் தகவிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டிச் சரக்கு வந்தால் மிச்சம் எதிர்ப்பக்கம் வழியும். மங்கலாக வெளிப்படுத்தும் செல்களிலும் அதே முடிவு வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள், படம் அழகாக வராது என்றாலும்.

ஒரே செல் ரகத்தில் நிற்கவும் வேண்டாம். கல்லீரல் செல்கள் பல மேல்முகப் புரதங்களை முதலில் அடி முகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து குறுக்கே கடத்துகின்றன. எம்டிசிகேயில் நேரடி வழி அதிகம். எம்டிசிகேயில் அடி முகத்தில் நிற்கும் உங்கள் ஏற்பி எல்எல்சி-பிகே1-இல் மேல் முகத்திலும் தெரிகிறது என்றால், அடுத்து செய்ய வேண்டியது தெளிவு: எல்எல்சி-பிகே1-க்குள் மியூ1பியைச் செலுத்தி, சில வடிப்பான்களில் ஒப்பீட்டுக்கு ஏபி-1ஏவின் துணை அலகான மியூ1ஏவைச் செலுத்தி, பயோட்டின் முறையை இரண்டு முகங்களிலும் திரும்பச் செய்யுங்கள். மியூ1பியில் மட்டும் ஏற்பி கீழே இறங்கினால் உங்கள் சரக்கை ஏபி-1பி கையாள்கிறது. இரண்டிலும் இறங்கவில்லை என்றால் வாலில் வேறு சமிக்ஞையைத் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலை வாலின் கடைசியிலிருந்து பத்துப் பத்து அமினோ அமிலங்களாக வெட்டிக்கொண்டே வருவதில் தொடங்கலாம்.